தருமத்துக்கும் ரசீது வேண்டும்

மார்ச் முதல் தேதி இ-ஃபைலிங் திறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு வரும் படங்கள் மாறிவிடும். அதுவரை பொங்கல் கோலம், பத்துமலைக் காவடி, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக் என்று வந்துகொண்டிருந்தவை, திடீரென்று ரசீதுகளாக வரத் தொடங்கும். கசங்கிய ரசீது, பாதி எழுத்து அழிந்த ரசீது, குங்குமம் ஒட்டிய ரசீது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கேள்வி: "அண்ணா, இதை வரியில் கழிக்கலாமா?"

போன வாரம் மட்டும் பதினான்கு படங்கள். கோயில் திருப்பணி, அன்னதான உபயம், அன்பு இல்லம், முதியோர் இல்லம், தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதி, ஒரு குழந்தையின் இருதய அறுவை சிகிச்சைக்காக வாட்ஸ்அப்பில் சுற்றிய வங்கிக் கணக்கு என்று நம் குடும்பங்கள் ஓராண்டில் எங்கெல்லாம் கொடுக்கின்றன என்பதற்கு அதுவே ஒரு சின்னப் பட்டியல். அந்தப் பதினான்கில் வரிக் கழிவுக்குச் செல்லுபடியாகும் ரசீதுகள் மூன்றுதான்.

அவற்றை அனுப்பியவர்களில் கிள்ளான் புக்கிட் திங்கியைச் சேர்ந்த ஒரு தம்பதியும் உண்டு. கணவர் பொறியியலாளர், மனைவி ஆசிரியை. கடந்த ஆண்டு தங்கள் வட்டாரக் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு 5,000 வெள்ளியும், ஒரு முதியோர் இல்லத்துக்கு 1,500 வெள்ளியும் கணவரின் பெயரில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் உண்மையான ரசீதுகள். இரண்டும் நல்ல காரியங்கள். அந்த 6,500 வெள்ளிக்கு வரியில் 1,235 வெள்ளி குறையும், அதை வைத்து கார் காப்புறுதியைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் ரசீதில் இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை. அதனால் 1,235 வெள்ளியும் இல்லை.

அந்த ஒரு வரி என்ன என்பதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவுதான் நன்கொடைக்கான கழிவைத் தருகிறது. அது 'நல்ல காரியத்துக்குக் கொடுத்தால் கழிவு' என்று சொல்லவில்லை. அரசாங்கத்துக்கோ மாநில அரசாங்கத்துக்கோ ஊராட்சி மன்றத்துக்கோ கொடுக்கும் பணத்தையும், வருமான வரி வாரியத்தின் தலைமை இயக்குநர் அங்கீகரித்த அமைப்புகளுக்குக் கொடுக்கும் பணத்தையும்தான் அது ஏற்கிறது. 'அங்கீகரித்த' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

நம்மவர்கள் சறுக்கும் இடம் இதுதான். "நம் கோயில் பதிவு பெற்ற கோயில்தானே?" என்பார்கள். சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்வது வேறு, வரி வாரியத்தின் 44(6) அங்கீகாரம் வேறு. முதியோர் இல்லத்துக்குச் சமூக நல இலாகாவின் பதிவு இருக்கலாம்; அதுவும் இதுவும் ஒன்றல்ல. ஒரு சங்கம் முப்பது ஆண்டுகளாகப் பதிவோடும் பொதுக்கூட்டத்தோடும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கலாம். வாரியத்திடம் விண்ணப்பித்து அங்கீகாரக் கடிதம் வாங்காதவரை, அது தரும் ரசீது வெறும் நன்றிக் கடிதம்தான்.

அங்கீகாரம் உள்ள அமைப்பின் ரசீதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அமைப்பின் பெயர், வரிசை எண், கொடுத்தவரின் பெயர், தொகை, தேதி ஆகியவற்றோடு, இது 44(6) பிரிவின் கீழ் வரிக் கழிவு பெறும் நன்கொடை என்ற வாசகமும் வாரியம் கொடுத்த அங்கீகாரக் குறிப்பு எண்ணும் அச்சாகியிருக்கும். அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். அங்கீகாரம் ஆயுட்காலத்துக்குக் கிடைப்பதல்ல. அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. புதுப்பிக்காமல் விட்ட அமைப்புகள், பழைய ரசீதுப் புத்தகத்திலேயே எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது. வாரியத்தின் இணையத்தளத்தில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தட்டினால் தேதியோடு வரும். ஷோப்பியில் ஒரு கைப்பேசி உறை வாங்க நாற்பது விமர்சனம் படிக்கிறோம். ஆயிரம் வெள்ளி கொடுக்கும்போது இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸிலுள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கம், ஹோஸ்பிஸ் மலேசியா, தேசிய சிறுநீரக அறநிறுவனம், தேசியப் புற்றுநோய்ச் சங்கம் போன்றவை நீண்ட காலமாக இத்தகைய ரசீது கொடுத்துவரும் அமைப்புகள். இவற்றுக்குக் கொடுக்கும்போதும் அந்த ஆண்டின் அங்கீகாரத் தேதியை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வதில் தவறில்லை.

சரி, கழிவு என்றால் எவ்வளவு திரும்பும்? ஆயிரம் கொடுத்தால் வரியில் ஆயிரம் குறையும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படியில்லை. ஆயிரம் வெள்ளி உங்கள் வருமானத்திலிருந்து கழிகிறது. அந்த ஆயிரத்துக்கு நீங்கள் கட்டியிருக்க வேண்டிய வரி மட்டுமே மிச்சமாகிறது. ஆகவே, மிச்சம் எவ்வளவு என்பதை உங்கள் வரி விகிதம்தான் தீர்மானிக்கும்.

மாதம் 6,500 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 78,000. தனிநபர் விலக்கு 9,000, சேமநிதி 4,000, வாழ்க்கைமுறை, சொக்சோ என்று எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 16,000 கழிந்தால், வரிக்குட்பட்ட வருமானம் 62,000. முதல் 50,000 வெள்ளிக்கு வரி 1,500. மீதி 12,000-க்கு 11 விழுக்காடு, அதாவது 1,320. மொத்தம் 2,820 வெள்ளி. இவர் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு 1,000 வெள்ளி கொடுத்திருந்தால் வரி 110 வெள்ளி குறையும். வரிக்குட்பட்ட வருமானம் 70,000-க்கும் 100,000-க்கும் இடையில் இருப்பவருக்கு அதே ஆயிரத்தில் 190 வெள்ளி. 100,000-ஐத் தாண்டியவருக்கு 250 வெள்ளி. 20,000-க்கும் 35,000-க்கும் இடையில் இருப்பவருக்கு வெறும் 30 வெள்ளி. வரியே கட்டாதவருக்கு ஒன்றும் இல்லை.

யாருக்குக் கொடுப்பது அதிகக் கஷ்டமோ அவருக்குச் சலுகை குறைவு. செந்தோசாவில் லாரி ஓட்டிக்கொண்டு மாதம் ஐம்பது வெள்ளியை அன்பு இல்லத்துக்குப் போடுபவருக்கு அரசாங்கம் ஒரு காசும் திருப்பித் தருவதில்லை; மொண்ட் கியாராவில் கொண்டோ வைத்திருப்பவருக்குக் கால்வாசி திரும்புகிறது. வரிச் சட்டத்தை அவ்வளவு சுலபமாக வேறு மாதிரி எழுதிவிட முடியாது என்பது தெரியும். என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

இதில் ஒரு விசித்திரமான மூலையும் உண்டு. இளையவர்கள் இதைக் கவனிக்கலாம். வரிக்குட்பட்ட வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு, கட்ட வேண்டிய வரியில் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. உங்கள் கணக்கு 36,000-இல் வந்து நிற்கிறது என்று வையுங்கள். வரி 660 வெள்ளி, தள்ளுபடி கிடையாது. அந்த ஆண்டில் நீங்கள் 1,000 வெள்ளி அங்கீகாரமுள்ள அமைப்புக்குக் கொடுத்திருந்தால் கணக்கு 35,000-க்கு இறங்கும், வரி 600, அதில் 400 தள்ளுபடி, கட்டுவது 200 மட்டும். ஆயிரம் கொடுத்ததில் 460 வெள்ளி மிச்சம். வேலையில் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டு ஆன பிள்ளைகள் பலர் இந்த எல்லைக்கோட்டின் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். டிசம்பர் 31-க்கு முன் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஜனவரியில் கொடுத்தது அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போய்விடும்.

உச்சவரம்பும் உண்டு. அங்கீகாரமுள்ள அமைப்புகளுக்குக் கொடுப்பதில், உங்கள் மொத்த வருமானத்தின் 10 விழுக்காடு வரைதான் கழிக்கலாம். 2020 மதிப்பீட்டு ஆண்டுக்கு முன் இது தனிநபர்களுக்கு 7 விழுக்காடாக இருந்தது. இந்த 10 விழுக்காடு, விலக்குகளையெல்லாம் கழிப்பதற்கு முன்னுள்ள வருமானத்தின் மீது கணக்கிடப்படுகிறது. மேலே சொன்ன 78,000 வெள்ளிக்காரருக்கு வரம்பு 7,800. அதற்கு மேல் கொடுத்ததை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியாது. அது போனது போனதுதான். நேரடியாக அரசாங்கத்துக்குக் கொடுப்பதற்கு இந்த வரம்பு இல்லை.

கணவன் மனைவி இருவரும் தனித்தனியே வரி கட்டுபவர்களாக இருந்தால், யார் பெயரில் ரசீது இருக்கிறதோ அவர்தான் கழிக்க முடியும். பெரும்பாலான வீடுகளில் கோயில் காரியம் அம்மா கையால் நடக்கும். ரசீதும் அம்மா பெயரில் வரும். வரி விகிதம் அப்பாவுக்கு அதிகமாக இருக்கும். சில வீடுகளில் இதற்கு நேர்மாறு. கொடுக்கும்போதே யார் கணக்கிலிருந்து, யார் பெயரில் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரசீதில் பெயரைத் திருத்தித் தரச் சொல்லி நிர்வாகத்தைத் தர்மசங்கடப்படுத்த வேண்டாம்.

எவையெல்லாம் கழியாது என்று கேட்டால் பட்டியல் நீளும். 44(6) பேசுவது பணத்தைப் பற்றி. அன்னதானத்துக்கு நீங்கள் இறக்கிய பத்து மூட்டை அரிசி, இல்லத்துப் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த துணி, அம்மனுக்குச் சாத்திய தங்கப் பொட்டு, மூன்று நாள் விடுப்பெடுத்துச் செய்த தொண்டு எதற்கும் இதில் இடமில்லை. உண்டியலில் போட்டது உங்களுக்கும் ஆண்டவனுக்கும் இடையில் உள்ளது. அர்ச்சனைச் சீட்டு நன்கொடை ரசீது ஆகாது. அறுவை சிகிச்சைக்காக ஒரு தனிமனிதரின் கணக்கில் போட்ட பணமும் கழியாது, அந்தக் குழந்தை உங்கள் தெருவிலேயே இருந்தாலும். தமிழ்நாட்டில் குலதெய்வக் கோயிலுக்கு அனுப்பியது, யாழ்ப்பாணத்தில் தாத்தா படித்த பள்ளிக்கு அனுப்பியது இரண்டும் கழியாது. அமைப்பு மலேசியாவில் இருக்க வேண்டும். அரிசி மூட்டைக்குப் பதிலாக அதே தொகையைப் பணமாகக் கொடுத்து, அங்கீகாரமுள்ள இல்லமே அரிசி வாங்கிக்கொண்டால் கழியும். வேடிக்கைதான்.

எங்களுக்குச் சக்காட் இல்லையே என்ற கேள்வியும் ஆண்டுதோறும் வரும். முஸ்லிம்கள் சக்காட் கட்டினால் அந்தத் தொகை வருமானத்திலிருந்து கழிவதில்லை. கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழிகிறது. 2,820 வெள்ளி வரி கட்ட வேண்டியவர் 1,000 வெள்ளி சக்காட் கட்டியிருந்தால், மீதி வரி 1,820. அதே ஆயிரத்தை 44(6) அமைப்புக்குக் கொடுத்தவருக்கு மீதி வரி 2,710. நம் வாசகர்களில் மஸ்ஜிட் இந்தியா பக்கம் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, கூட்டரசுப் பிரதேசத்தில் பிபிஇசட், சிலாங்கூரில் லெம்பாகா சக்காட் சிலாங்கூர் போன்ற அதிகாரபூர்வ அமைப்பிடம் கட்டிய ரசீதுதான் இதற்குச் செல்லும் என்பதும், வரியை விடச் சக்காட் அதிகமாக இருந்தால் மிகுதி திரும்பி வராது என்பதும். மற்றவர்களுக்கு என் கருத்து: சக்காட் ஒரு மார்க்கக் கடமை, கட்டாயம்; நன்கொடை விருப்பம். இரண்டையும் சட்டம் வெவ்வேறாகப் பார்ப்பதற்கு அதுதான் அடிப்படை. வேறுபாடு நியாயமா என்று விவாதிக்கலாம். ஆனால், இருக்கும் கழிவைக்கூட முறையாகக் கேட்டு வாங்காமல் இல்லாததைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இருந்தும் நம்மில் பலர் கேட்காத ஒன்று இருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன். அதே 44-ஆம் பிரிவில் நூலகங்களுக்கென்று தனியாக ஓர் உட்பிரிவு உண்டு. பொதுமக்கள் பயன்படுத்தும் நூலக வசதிக்கோ, பள்ளி நூலகத்துக்கோ, உயர்கல்விக்கூட நூலகத்துக்கோ ஒரு தனிநபர் கொடுக்கும் பணத்தில் 20,000 வெள்ளி வரை கழிக்கலாம். பள்ளி நூலகம் என்றால் தமிழ்ப்பள்ளி நூலகமும்தான். கிள்ளானில் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி, பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி என்று இந்தப் பள்ளத்தாக்கில் நாம் படித்த பள்ளிகள் எத்தனை! முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்கு ஆளுக்கு 150 வெள்ளி டிக்கெட் வாங்கிப் பிரியாணி சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அதே வகுப்பு நண்பர்கள் இருபது பேர் ஆளுக்கு 500 வெள்ளி நூலகத்துக்கென்று கொடுத்தால் 10,000 வெள்ளி. ஒரு சின்ன நூலகத்தின் முகமே மாறிவிடும். 19 விழுக்காட்டில் இருப்பவருக்கு 500-இல் 95 வெள்ளி வரியில் குறையும். நூலகத்துக்கு என்று தெளிவாக எழுதிய பள்ளியின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 'பொது நிதி' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு இந்த உட்பிரிவில் கேட்க முடியாது.

நூலகத்துக்காகப் பணம் திரட்டுவது நமக்குப் புதிதல்ல. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டத்தில் பால் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கொடுத்த வெள்ளிகள் அவை. அதற்கும் முன்னால், கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்த கா. தம்புசாமிப் பிள்ளை, 1893-இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்க கால அறங்காவலர்களில் ஒருவராகவும் இருந்தார். அவர் 1902-இல் காலமானார். மலாயாவில் வருமான வரிச் சட்டம் வந்ததோ 1947-இல். வரியும் இல்லை, கழிவும் இல்லை, கொடுத்தார்கள்.

வரிச் சலுகை இல்லாவிட்டால் கொடுக்கக்கூடாதா என்று ஓர் இளம் வாசகி கேட்டிருந்தார். பெட்டாலிங் ஜெயாவில் வேலை. அவர் வீட்டுப் பக்கத்தில் உள்ள சின்ன அன்பு இல்லத்துக்கு மாதா மாதம் கொடுத்துவருகிறார். அங்கே 44(6) இல்லை. பெரிய அமைப்புக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறார். அவருக்கு நான் எழுதிய பதில்: உங்கள் விகிதம் 11 விழுக்காடு. ஆண்டுக்கு 1,200 வெள்ளி கொடுக்கிறீர்கள். மாற்றினால் உங்களுக்கு மிச்சம் 132 வெள்ளி, மாதத்துக்குப் பதினொரு வெள்ளி. நீங்கள் நேரில் பார்க்கும், கணக்கு தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும் ஓர் இடத்தை அந்தப் பதினொரு வெள்ளிக்காக விட வேண்டாம்.

ஆனால் அந்தக் கேள்வியின் மறுபக்கம் எனக்குக் கவலை தருகிறது. நிறுவனங்களும் கொஞ்சம் வசதியானவர்களும் முதலில் கேட்பது "44(6) இருக்கிறதா?" என்பதைத்தான். நிறுவனங்களுக்கும் மொத்த வருமானத்தின் 10 விழுக்காடு வரை கழிவு உண்டு என்பதால் அவர்களின் கணக்காளர் வேறு விதமாக எழுத விடமாட்டார். ஆகவே பெரிய தொகைகள் ரசீது உள்ள பக்கமே போகின்றன. காப்பாரிலோ பந்திங்கிலோ ஒரு தம்பதி தங்கள் வீட்டையே இல்லமாக்கிப் பதினைந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வாடகை, மின்கட்டணம், பள்ளி வேன் கட்டணம் கட்டவே நேரம் போதாது. தணிக்கை செய்த கணக்கு, சட்டவிதிகளில் சொத்து எவருக்கும் தனிப்பட்ட முறையில் போகாது என்ற பிரிவு, செயற்குழு விவரம், நடவடிக்கை அறிக்கை எல்லாம் தயாரித்து வாரியத்துக்கு விண்ணப்பிப்பது அவர்களுக்கு மலையைப் புரட்டுவது போல. இங்கேதான் கணக்குத் துறையிலும் சட்டத் துறையிலும் வேலை செய்யும் நம் இளைஞர்கள் உதவலாம். ஓர் இல்லத்தின் இரண்டு ஆண்டுக் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்து, அது அங்கீகாரம் பெறும்வரை கூட நின்றால், நீங்கள் சொந்தமாகக் கொடுக்கக்கூடிய எந்தத் தொகையையும் விட அதிகம் அங்கே வந்து சேரும். அந்த உழைப்புக்கு வரிக் கழிவு கிடையாது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

தெங்கு கிளானா சாலையில் கடை நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தப் பெயரில் வணிகம் செய்பவர்கள் நன்கொடையை வியாபாரச் செலவாகக் கணக்கில் எழுதக்கூடாது. திருவிழாவுக்குக் கொடுத்ததை 'விளம்பரம்' என்று எழுதிவைப்பது நெடுநாள் பழக்கமாகிவிட்டது. பந்தலில் உங்கள் கடைப் பெயர்ப் பதாகை உண்மையிலேயே தொங்கினால் அது வேறு கதை. இல்லையென்றால் தணிக்கையில் அது நிற்காது. அங்கீகாரமுள்ள நன்கொடையை பி பாரத்தில் நன்கொடைக்கான கட்டத்தில் காட்டுங்கள்.

இனி, எழுதவே பிடிக்காத ஒரு விஷயம். புக்கிட் திங்கித் தம்பதிக்கு ஒரு நண்பர் வழி சொல்லியிருக்கிறார்: "ஓர் ஆள் இருக்கிறார். ஆயிரம் கொடுத்தால் ஐயாயிரத்துக்கு 44(6) ரசீது போட்டுத் தருவார்." அவர்கள் என்னைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. இது வரி ஏய்ப்பு. வேண்டுமென்றே செய்தது என்று நிரூபணமானால், 114-ஆம் பிரிவின்படி 1,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டும்கூட. அதோடு குறைத்துக் கட்டிய வரியின் மூன்று மடங்கு தண்டம். வாரியம் செய்ய வேண்டியதெல்லாம் அமைப்பின் கணக்கையும் உங்கள் பாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். ஓர் அமைப்பு மாட்டினால் அதன் ரசீதை வைத்திருக்கும் எல்லோர் கதவும் தட்டப்படும். நேர்மையாகக் கொடுத்தவரும் வங்கிப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். அங்கீகாரம் ரத்தானால் அந்த அமைப்பை நம்பியிருக்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

அண்டை வீட்டையும் பார்ப்போம். சிங்கப்பூரில் அங்கீகாரமுள்ள பொதுநல அமைப்புக்கு 1,000 வெள்ளி கொடுத்தால் வருமானத்திலிருந்து 2,500 வெள்ளி கழிகிறது; இந்த இரண்டரை மடங்குச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கொடுக்கும்போதே அடையாள அட்டை எண்ணைச் சொன்னால் போதும், கழிவு தானாகவே வரிக் கணக்கில் ஏறிவிடும். பிரிட்டனில் 100 பவுண்டு கொடுத்தால் வரித்துறை அந்த அமைப்புக்கே இன்னும் 25 பவுண்டு சேர்த்துக் கொடுக்கிறது. இந்தியாவில் 80ஜி பிரிவு இருக்கிறது, ஆனால் புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. எனக்குச் சிங்கப்பூர் முறையில் பிடித்தது இரண்டரை மடங்கு அல்ல. ரசீதைத் தேடி அலமாரியைக் கவிழ்க்க வேண்டாம் என்பதுதான்.

அதுவரை நம் ரசீதை நாமே காப்பாற்ற வேண்டும். ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாரம் அனுப்பும்போது ரசீதை இணைக்க வேண்டியதில்லை. ஆனால் வாரியம் கேட்டால் காட்ட வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஒரு தீபாவளிக்குள் வெள்ளைத்தாளாகிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துவையுங்கள். பணமாகக் கையில் கொடுப்பதை விட வங்கி வழியாக அனுப்புங்கள்; ரசீதுக்குத் துணையாக ஒரு சாட்சி இருக்கும். சம்பளத்தில் பிடித்தம் செய்து நன்கொடை கொடுப்பவர்கள், முதலாளி தரும் இஏ பாரத்தில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள்.

வணிக வருமானம் இல்லாதவர்கள் பிஇ பாரம் அனுப்பக் கடைசி நாள் ஏப்ரல் 30. இ-ஃபைலிங் செய்பவர்களுக்கு மே 15 வரை வாரியம் அவகாசம் தருவது வழக்கம். பி பாரக்காரர்களுக்கு ஜூன் 30, இ-ஃபைலிங்கில் ஜூலை 15.

புக்கிட் திங்கித் தம்பதி இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன். கோயிலுக்குக் கொடுப்பதை நிறுத்தப் போவதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் திருப்பணி நிதிக்கு வாரியத்திடம் விண்ணப்பிக்கலாமே என்று எழுந்து கேட்கப் போகிறார் கணவர். மனைவி தான் படித்த தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியரை அழைத்து, நூலகத்தில் என்னென்ன புத்தகம் குறைகிறது என்று விசாரித்திருக்கிறார். பட்டியல் இரண்டு பக்கம் வந்திருக்கிறதாம்.